குழிக்கும் மேசைக்கும் ஒரு கேமரா

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858-இல் படமெடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. சென்னை மாகாண அரசு 1856-இல் தன் புகைப்படக்காரராக அமர்த்திய ஆள். எட்ட நின்று சுவரை ஒரே படத்தில் அடக்கினால் எழுத்து தெரியாது. கிட்டே போனால் சுவர் அடங்காது. எனவே சுவரைத் துண்டு துண்டாக எடுத்து 21 படங்களை வரிசையாக ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரு நெடும்படம் கிடைத்தது.

அவர் கொண்டுபோன கருவியைக் கவனிக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் ஈரக் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறை அப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. படம் மிகக் கூர்மையாக வரும். ஆனால் பூச்சு காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். கேமராவுக்குப் பக்கத்திலேயே இருட்டுக் கூடாரம் அடிக்க வேண்டும். தஞ்சை வெயிலில் அந்தப் பூச்சு எத்தனை நிமிடம் ஈரமாக நிற்கும்? டிரைப் மெழுகிட்ட காகித நெகட்டிவைப் பயன்படுத்தினார். அதை முன்கூட்டியே தயாரித்து அடுக்கி வைக்கலாம், பிறகு நிதானமாகக் கழுவலாம். கூர்மை சற்றே குறையும், வேலை நிற்காது.

இன்று அகழாய்வுக்கோ கல்வெட்டு ஆய்வுக்கோ கேமரா வாங்கப் போகிறவர் பெரும்பாலும் இதற்குத் தலைகீழாகத் தொடங்குகிறார். கையிலிருக்கும் பணத்தில் எந்தக் கேமரா சிறந்தது என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. கேமரா கடைசியில் வர வேண்டிய பொருள். முதலில் வெளிச்சம், அடுத்து கேமராவை அசையாமல் நிறுத்தும் பிடிமானம், மூன்றாவது லென்ஸ், அதற்குப் பிறகு மிஞ்சும் பணத்துக்குக் கேமரா. இந்த வரிசைக்குக் காரணம் ரசனை அல்ல, ஒளியியல்.

களமும் அலுவலகமும்

அகழாய்வில் ஒரு மண்ணடுக்கை எடுத்துவிட்டால் அது போனதுதான். திரும்ப வைக்க முடியாது. அடுத்த அடுக்குக்குக் கரண்டி இறங்குமுன் எடுத்த படமே அந்த அடுக்குக்கு மிஞ்சும் சாட்சி. களத்தில் வெளிச்சம் நம் கையில் இல்லை, நேரமும் இல்லை, மறுவாய்ப்பும் இல்லை. அதனால் களக் கருவியிடம் கேட்க வேண்டியது நம்பகம். தூசிலும் வெயிலிலும் நிற்காமல் வேலை செய்கிறதா? லென்ஸை மாற்றாமலே அகலமான குழியையும் கையளவு பொருளையும் எடுக்க முடிகிறதா?

மாலையில் பானை ஓடுகளைக் கழுவிக் காயவைத்து அலுவலக மேசைக்குக் கொண்டுவந்ததும் நிலைமை மாறுகிறது. ஓடு ஓடிப்போகாது. விளக்கை நகர்த்தலாம், நூறு முறை எடுக்கலாம், நாளைக்கும் எடுக்கலாம். மேசைக் கருவியிடம் கேட்க வேண்டியது துல்லியம்: அளவு சரியா, நிறம் சரியா, ஒவ்வொரு கீறலும் தெரிகிறதா?

ஒரே கேமரா உடல் இரண்டுக்கும் போதும். அதைச் சுற்றியுள்ளவைதான் மாற வேண்டும்.

எத்தனை மெகாபிக்சல்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 24 மெகாபிக்சல் கேமரா படத்தின் குறுக்கே 6,000 புள்ளிகளைப் பதிகிறது. 10 செ.மீ. அகலப் பரப்பை அந்தச் சட்டத்தில் நிரப்பினால் ஒரு மில்லிமீட்டருக்கு 60 புள்ளிகள். பானை ஓட்டில் கூரிய முனையால் கீறிய கோடு 0.3 மி.மீ. அகலம் என்றால் அதன் குறுக்கே 18 புள்ளிகள் விழும். கோட்டின் இரு கரைகளையும், நடுவே மண் அடைத்திருப்பதையும்கூடப் பிரித்துப் பார்க்க இது தாராளம்.

அதே கேமராவில் 5 மீட்டர் அகலக் குழியை முழுதாக எடுத்தால் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 0.8 மி.மீ.யைக் குறிக்கும். உறைகிணற்றின் விளிம்பு, செங்கல் வரிசை, சாம்பல் திட்டு எல்லாம் தெளிவாகவே இருக்கும். இதில் கீறலைத் தேடினால் கிடைக்காது. 48 மெகாபிக்சல் வாங்கினாலும் கிடைக்காது. கிட்டே போய் இன்னொரு படம் எடுப்பதே வழி. ஆகவே 20 முதல் 26 மெகாபிக்சல் உள்ள, 23.5 × 15.6 மி.மீ. அளவு சென்சார் கொண்ட, ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர வகைக் கேமரா இந்த இரு வேலைக்கும் போதுமானது. நன்றாக இயங்கும் பழைய உடல் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

தூரம் செய்யும் வேலை

பொருளின் உருவத்தை லென்ஸ் கோணலாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கோணலாக்குவது பெரும்பாலும் தூரம். 10 செ.மீ. ஆழமுள்ள கிண்ணத்தை மேலிருந்து எடுக்கிறோம். கேமரா விளிம்பிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருந்தால் அடிப்பகுதி 30 செ.மீ. தொலைவில் இருக்கும். ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களை விளிம்பில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக வைத்தால், மேலே உள்ளது ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். கேமராவை விளிம்பிலிருந்து 1 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் அந்த வேறுபாடு 10 விழுக்காடாகச் சுருங்கிவிடும். தூரம் போய்க்கொண்டே சட்டத்தையும் நிரப்ப வேண்டுமானால் குவியத் தூரம் அதிகமான லென்ஸ் வேண்டும். மேசை வேலைக்கு 60 முதல் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான். மேக்ரோ லென்ஸுக்கு இன்னொரு நற்குணமும் உண்டு: நேர்கோட்டை வளைக்காது, சட்டத்தின் ஓரம் வரை ஒரே கூர்மையில் பதியும்.

அளவுகோலை வைப்பதிலும் இதே கணக்குதான். மேசையில் கிடக்கும் அளவுகோல் கேமராவிலிருந்து 40 செ.மீ.யில் இருக்கிறது, ஓட்டின் மேற்பரப்பு 1 செ.மீ. உயர்ந்து 39 செ.மீ.யில் இருக்கிறது. அந்தப் படத்தை வைத்து அளந்தால் ஓடு இரண்டரை விழுக்காடு பெரிதாகிவிடும். கோலுக்கு அடியில் ரப்பர் துண்டையோ களிமண் உருண்டையையோ வைத்து ஓட்டின் மேற்பரப்பு மட்டத்துக்கு உயர்த்தினால் பிழை தீர்ந்தது. பைசா செலவில்லாத இந்தத் திருத்தத்தை எந்த விலை கேமராவும் செய்து தராது.

களத்தில் நிலைமை வேறு. 5 மீட்டர் குழியை 4 மீட்டர் தள்ளி நின்று அடக்க, ஏபிஎஸ்-சி கேமராவில் 18 மி.மீ. வேண்டும். குழிக்குள் கிடக்கும் மணியை எடுக்க 50 மி.மீ. பக்கம் போக வேண்டும். புழுதி பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் தூசு ஒட்டும். எனவே களத்துக்கு ஒரே ஜூம் லென்ஸ். அகலமான முனையில் அது நேர்கோடுகளைச் சற்று வளைக்கத்தான் செய்யும், கணினியில் திருத்திக்கொள்ளலாம்.

துளையின் எல்லை

ஓடு தட்டையாக இருப்பதில்லை. அதன் வளைவு முழுவதும் தெளிவாக விழ லென்ஸின் துளையைச் சுருக்குகிறோம். எஃப்/8, எஃப்/11, எஃப்/16 என்று எண் ஏற ஏறத் துளை சிறிதாகும், தெளிவாக விழும் ஆழம் கூடும். அப்படியென்றால் எஃப்/22 வரை போய்விடலாமே?

ஒளி அலையாக நடந்துகொள்கிறது. சிறிய துளை வழியே நுழையும்போது விரிந்து பரவுகிறது. அதனால் பொருளின் ஒரு புள்ளி சென்சாரில் புள்ளியாக விழாமல் சிறு வட்டாக விழும். 1835-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டிய ஆங்கில வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் பெயரால் அது ஏரி வட்டு எனப்படுகிறது. பச்சை ஒளிக்கு எஃப்/8-இல் வட்டின் விட்டம் ஏறத்தாழ 11 மைக்ரான். எஃப்/22-இல் 30 மைக்ரான். நம் 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு புள்ளியின் அகலமோ 4 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. எஃப்/22-இல் ஏழெட்டுப் புள்ளிகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. ஆழம் கிடைத்தது, கூர்மை போனது.

சட்டத்தின் அகலம் 10 செ.மீ. இருக்கும் நிலையில் எஃப்/11 சுமார் 9 மி.மீ. ஆழத்தைத் தெளிவாகத் தரும். பெரும்பாலான ஓடுகளுக்கு அது போதும். போதாத பொருளுக்கு எஃப்/8-இல் நின்று, குவியத்தை மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றின் தெளிவான பகுதியையும் மென்பொருளில் சேர்க்க வேண்டும். அத்தனை படங்களுக்கும் கேமரா மயிரிழைகூட நகரக் கூடாது. பிடிமானத்துக்கு இரண்டாம் இடம் கொடுத்ததற்கு இதுவே காரணம். செங்குத்துத் தண்டில் கேமராவைக் கீழ்நோக்கிப் பூட்டும் ஸ்டாண்டு மேசைக்கு. கனமான ட்ரைபாட் களத்துக்கு. இரண்டு விநாடி டைமரை வைத்து எடுத்தால் விரல் அழுத்தும் அதிர்வும் படத்தில் ஏறாது.

ஒரு கீறலும் விளக்கும்

கீழடியில் கிடைத்த ஓடுகளில் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்தில் ‘க’ என்பது கூட்டல் குறி போன்ற வடிவம். அதில் ஒரு சிறு கிடைக்கோட்டைச் சேர்த்தால் ‘கா’. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தக் கோடு படத்தில் விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து பெயரே மாறிவிடும்.

கீறலின் நிறம் பெரும்பாலும் ஓட்டின் நிறமே. கண்ணுக்கு அதைக் காட்டுவது நிழல். 0.2 மி.மீ. ஆழமான கீறலின் மேல் 45 பாகையில் ஒளி விழுந்தால் நிழலின் நீளமும் 0.2 மி.மீ. விளக்கைத் தாழ்த்தி 10 பாகைக்குக் கொண்டுவந்தால் 1 மி.மீ.க்கு மேல் நீளும். கீறல் முழுவதும் இருளால் நிரம்பி எழுத்து எடுப்பாகத் தெரியும். கேமராவின் மேலேயே பொருத்திய பிளாஷ் நேராக அடிக்கும்போது நிழலே இல்லை, எழுத்தும் இல்லை. கோயில் சுவர்க் கல்வெட்டு நண்பகலில் படிக்க முடியாமல், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் தானே எழுந்து வருவதும் இதனால்தான். வெயில் எட்டாத சுவருக்குக் கண்ணாடி ஒன்றைப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒளி வரும் திசையிலேயே ஓடும் கீறல் நிழல் தராது. விளக்கை இடப்பக்கம் வைத்தால் நிமிர்ந்த கோடுகள் பளிச்சென்று தெரியும், கிடைக்கோடு மறைந்துபோகும். ‘கா’ வெறும் ‘க’ ஆகிவிடும். ஆகவே சாய்ந்த ஒளியில் ஒரு படம் போதாது. குறைந்தது இரண்டு படம், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலிருந்து.

இதை முழுமையாக்கிய முறை 2001-இல் வந்தது. எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய குழுவினரும் கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல திசைகளுக்கு நகர்த்திப் படங்கள் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் ஒளித் திசைக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்பதைக் கணிதச் சமன்பாடாகச் சேமித்தனர். பிறகு கணினித் திரையில் விளக்கை விரும்பிய பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். கிரேக்கக் கடலடியில் கிடைத்த ஆன்டிகைதெரா இயந்திரத்தின் தேய்ந்த எழுத்துகளை 2005-இல் ஆராயவும் இம்முறை பயன்பட்டது. இதற்குத் தேவையான கருவி கேமரா, ஸ்டாண்டு, கையில் பிடிக்கும் ஒரு விளக்கு, ஒளித் திசையை மென்பொருளுக்குச் சொல்ல ஓட்டின் அருகே வைக்கும் பளபளப்பான கறுப்புக் குண்டு, அவ்வளவே.

வெளியிடப்போகும் படத்துக்கு முதன்மை விளக்கு மேல் இடப்பக்கத்திலிருந்து வருவது மரபு. ஒளி மேலிருந்தே வருகிறது என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறது. விளக்கைக் கீழே வைத்தால் பள்ளம் மேடாகத் தெரியும். குழிந்த முத்திரை புடைத்த முத்திரையாகிவிடும்.

குழியில் வெயில்

களத்தில் பெரிய எதிரி பாதி வெயில், பாதி நிழல். இன்றைய சென்சார் அந்த ஏற்றத்தாழ்வைப் பதிந்துவிடும். ஆனால் நிழலின் விளிம்பு படத்தில் ஒரு கோடாக விழுந்து மண்ணடுக்கின் எல்லை போலவே தோன்றும். அது போதாதென்று, வெயில்பட்ட மண் மஞ்சளாகவும் நிழல்பட்ட மண் வானத்தின் ஒளியால் நீலம் கலந்தும் இருக்கும். ஒரே அடுக்கு இரண்டு அடுக்காகிவிடும். சூரியன் குழிக்குள் எட்டிப்பார்க்குமுன் காலையில் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக் குழி முழுவதையும் நிழலாக்கிவிட வேண்டும். நீலத் தார்ப்பாயைக் கட்டினால் படம் முழுக்க நீலம் ஏறும். மண் வெட்டுமுகத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் அடுக்குகளின் நிற வேறுபாடு தெளிவாகும். இது அகழாய்வாளர்களின் பழைய உத்தி.

1945-இல் அரிக்கமேட்டில் அகழ்ந்த மார்டிமர் வீலர், வெட்டுமுகத்தை நேராகச் சீவி, தளத்தைத் துடைத்து, அளவுக்கம்பை நிறுத்திவிட்டுத்தான் படமெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். குழி எண், அடுக்கு, தேதி எழுதிய பலகை, அளவுக்கம்பு, வடக்கைக் காட்டும் அம்பு ஆகிய மூன்றும் கருவிப் பட்டியலில் சேர வேண்டியவை. அவை இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆவணம் ஆகாது.

நிறத்தை நம்பலாமா?

கருப்பு-சிவப்பு மட்கலத்தின் சிவப்பு எவ்வளவு சிவப்பு? பதில் விளக்கைப் பொறுத்தது. மலிவான எல்இடி விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு அலைநீளங்கள் குறைவு. அவற்றின் கீழ் சுடுமண் மங்கிப் பழுப்பாகும். பெட்டியில், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 95 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட விளக்கை வாங்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தையும் குழல் விளக்கையும் அதோடு கலக்கக் கூடாது. சாம்பல் நிற அட்டையை ஒரு படத்தில் சேர்த்தால் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யலாம். 24 நிறக் கட்டங்கள் உள்ள அட்டை இருந்தால் ஒவ்வொரு நிறத்தையும் சரிபார்க்கலாம். மண்ணின் நிறத்தைக் களத்திலேயே மன்செல் எனப்படும் தர நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதிவைப்பது படத்துக்கு மேலான சாட்சி.

கோப்பு வடிவமும் முக்கியம். ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்கும். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. பின்னால் நிறத்தைத் திருத்தவும் நிழலுக்குள் ஒளிந்ததை மீட்கவும் அந்தப் படிகள் வேண்டும்.

செல்பேசி போதாதா?

குறிப்புக்குப் போதும். நேரமும் இடமும் தானே பதிவாகிவிடுகின்றன, பையில் எப்போதும் இருக்கிறது. சாட்சிக்குப் போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதன்மைக் கேமரா அகலக் கோணத்தில் பார்ப்பதால் சட்டத்தை ஓட்டால் நிரப்ப ஏழெட்டு செ.மீ. வரை கிட்டே போக வேண்டியிருக்கிறது. தூரம் செய்யும் கோணல் முழுவதும் வந்துவிடும். இரண்டாவது, செல்பேசி படத்தைப் பதிந்ததும் மென்பொருள் அதை மெருகேற்றுகிறது: விளிம்பைக் கூர்மையாக்குகிறது, சொரசொரப்பை வழிக்கிறது. கீறலுக்கும் வேர்த்தடத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சொரசொரப்பில்தான் இருக்கிறது. வேறு வழியில்லாதபோது ரா வடிவத்தில் எடுத்து, டெலிபோட்டோ லென்ஸைத் தேர்ந்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் ஓரளவு காப்பாற்றலாம்.

தூசு, ஈரம், பிரதி

சென்சாரிலோ லென்ஸிலோ ஒட்டிய மணலைத் துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ரப்பர் ஊதியால் ஊத வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் நீர் படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வைத்திருந்து திறக்கலாம். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வளர்வது நம் ஊர்களில் சாதாரணம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத அட்டை மூன்றும் சேர்ந்தால் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்க முடியும்.

அன்றைய படங்களை அன்றிரவே மூன்று இடங்களில் சேமிக்க வேண்டும். அதில் ஒன்று முகாமுக்கு வெளியே. இதற்கான ஹார்ட் டிஸ்குகளின் விலையையும் கேமரா வாங்கும் நாளிலேயே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

கடையில் ஒரு சோதனை

உடைந்த பூந்தொட்டியின் ஓட்டில் ஊசியால் கூட்டல் குறி ஒன்றைக் கீறி, மேல் வலப்பக்கம் சிறு கிடைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதையும் ஒரு அளவுகோலையும் ஒரு டார்ச் விளக்கையும் கடைக்கு எடுத்துப் போங்கள். விலை குறைந்த கேமராவில் மேக்ரோ லென்ஸைப் பூட்டி, கூட்டல் குறியின் மேல்புறத்திலிருந்து தாழச் சாய்த்த டார்ச் வெளிச்சத்தில் எஃப்/8-இல் ஒரு படம். விலை உயர்ந்த கேமராவில் சாதாரண ஜூமைப் பூட்டி, கேமராவின் பிளாஷில் ஒரு படம். இரண்டையும் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கிடைக்கோட்டைத் தேடுங்கள். எந்தப் படத்தில் அதன் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து சொல்ல முடிகிறதோ, அந்தத் தொகுப்புக்குப் பணத்தைக் கொடுக்கலாம்.